பெயர் யாருடைய சொத்து?

மலைநாட்டுத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதிகள் அறியாத பொருளொன்று வழங்குகின்றது. ஒருநாள் உழைப்புக்காகக் கணக்கில் விழும் கூலியே அங்குப் பேர் எனப்படும். கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்', நிறைந்தால் 'முழுப் பேர்'. தாய் தந்தையர் சூட்டிய பெயர் செக்ரோலில் ஏறிய மறுகணமே கம்பனியின் கணக்காகிவிடுகின்றது. அதை முழுமையாக எழுதவும், பாதியாக நறுக்கவும், ஒரேயடியாக வெட்டிவிடவும் அதிகாரம் பெற்றவர் அந்தப் பெயருக்குரியவரல்லர். சொல்வழக்கு சில வேளைகளில் தத்துவ ஆசிரியர்களை முந்திக்கொள்கின்றது. ஒரு மனிதரைப் பற்றிய செய்தி அவருக்குச் சொந்தமா, அதை எழுதிவைத்திருப்பவருக்குச் சொந்தமா என்று இன்று உலகெங்கும் சட்ட அறிஞர்கள் விவாதிக்கும் வினாவுக்கு, நம் தோட்டங்களின் பேச்சுமொழி நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு விடையைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றது. அந்த விடை நியாயமானதா என்பதே கேள்வி.

வங்கிகளும் தொலைபேசிக் கம்பனிகளும் கடன் நிறுவனங்களும் நம்மைப் பற்றிய விவரங்களை மலைபோலக் குவித்து வைத்திருக்கும் காலம் இது. இவற்றை எவ்வாறு கையாள வேண்டும், எவ்வாறு காக்க வேண்டும் என்ற பேச்சு எழுகையில், ஏதோ கணனி யுகத்தின் புதுப் பிரச்சினை வந்துவிட்டதைப் போலவே பலரும் பேசுகின்றனர். கணனி வருவதற்கு மிக முன்னரே, மனிதரைப் பற்றிய செய்தியை மூலதனம் தன் கருவியாகப் பயன்படுத்திய வரலாறு ஒன்று இந்த மலைகளில் எழுதப்பட்டிருக்கின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரா, நான் கற்பிக்கும் தெல்தோட்டைக்கு அயலிலேயே உள்ளது. தேயிலையின் தொடக்கத்தைக் காணவரும் வெளிநாட்டார், அதனோடு கூடவே வளர்ந்த பேரேட்டைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

அந்தப் பேரேட்டின் கதையைச் சிறிது பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்ட தொழிலாளருக்கு எண் பொறித்த தகர வில்லைகள் கொடுக்கப்பட்டன. தோட்டத்துக்கு ஓரெண், ஆளுக்கு ஓரெண். வழிச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது, ஆளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதையெல்லாம் அந்தத் தகரமே சொல்லிவிடும். வில்லையைச் சுமந்தவர் தம்மைப் பற்றி எதுவும் பேச வேண்டியதில்லை. சரக்குப் பெட்டியின் மேல் ஒட்டப்படும் சீட்டும் அதே பணியைத்தான் செய்கின்றது.

அதனினும் கொடியது 'துண்டு'. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பிய தொழிலாளி, பழைய தோட்டத்துத் துரையிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் பெற்றாக வேண்டும். இத்தனை ரூபா கடனைச் செலுத்தினால் இன்னின்னாரை விடுவிக்கின்றோம் என்பதே அதன் சாரம். புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வர். கடன் கங்காணியின் கணக்கில் வளர்ந்தது. தொழிலாளியோ பெரும்பாலும் எழுத்தறியாதவர். தம்மை விலைபேசும் தாளைத் தாமே படிக்கவியலாத நிலையில், அது கைமாறுவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் அந்தத் தாள் நிலைநாட்டிய உறவு அதனோடு ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் மற்றொருவர். எழுதப்பட்டதைப் பார்க்கும் உரிமையும் திருத்தும் உரிமையும் முன்னவருக்கே உண்டு.

இவ்வுறவின் முழுக் கொடுமையும் 1948க்குப் பின்னரே வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. பிறப்புப் பதிவே முறையாக நடைபெறாத லயங்களில் அதற்கு எங்கே போவது? மறு ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், இடையறாது இத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்தில் வாழ்ந்தவருக்குச் சான்று எங்கே இருந்தது? கம்பனியின் செக்ரோலில் இருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. இதன் முழுப் பழியையும் கம்பனிகளின் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது. சட்டத்தை இயற்றியது அரசு; அதன் நோக்கமும் அரசினுடையதே. ஆனால் ஒரு மக்கட் கூட்டம் தான் வாழ்ந்ததற்கான ஆதாரத்தைத் தன் கையில் வைத்திராமல், தன்னை வேலைவாங்கியவனின் அலுமாரியில் விட்டுவைக்க வேண்டியிருந்தது. இதைவிட முழுமையான உடைமைப் பறிப்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நிலம் பறிபோனவரை நாம் அறிவோம். தம் வரலாறே பறிபோனவர்கள் இவர்கள்.

சாஸ்திரி ஒப்பந்தம், 2003ஆம் ஆண்டின் சட்டம் என்று பின்னர் நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். இங்கு நான் சொல்ல விரும்புவது வேறு. அக்காலத்தில் கிளாக்கர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர் இன்றும் பலரை விரட்டிக்கொண்டிருக்கின்றது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவதொன்று. நாற்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிய பெண், ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும்போது, மூன்று பெயருக்கும் உரியவர் தானே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கின்றது. தகவற் பாதுகாப்பு என்றதும் நாம் பூட்டையும் சாவியையும் கள்வனையும் மட்டுமே எண்ணுகின்றோம். தகவல் களவு போகாமலிருந்தும், பிழையாக இருந்தால் அது ஒருவரின் முதுமைக்கால உணவைப் பறித்துவிடும். பிழையை எவரும் திருட வரமாட்டார்கள். அது அலுமாரியில் பத்திரமாகவே இருக்கும்.

இனி ஓர் எதிர்வாதத்தைக் கவனிப்போம். முற்போக்குச் சிந்தனையுள்ள நண்பர்கள் சிலரிடமிருந்தே இது வருகின்றபடியால் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. "அந்தரங்கம் என்பது மாளிகைவாசிகளின் கவலை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஒரு குடும்பமே வாழ்கின்றது. பக்கத்துக் காம்பிராவில் இருமினால் இங்கே கேட்கின்றது. அங்கே எதை மறைப்பது? மேலும் மறைப்பு என்பதே தனியுடைமையின் குணமல்லவா? எல்லாவற்றையும் பொதுவாக்க விரும்பும் நாம், தகவலை மட்டும் தனியுடைமையாக்கச் சொல்வது முரண்பாடாகாதா?" என்று அவர்கள் கேட்கின்றனர்.

லயத்தில் எல்லார்க்கும் எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். அயல்வீட்டாரின் அறிவும் சில வேளை கொடியதாகும், குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் அந்த அறிவுக்கு ஓர் இயல்பு உண்டு. அது இருதிசைப்பட்டது. என் வீட்டுச் சண்டை அவருக்குத் தெரியுமென்றால், அவர் வீட்டுக் கடன் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவர் தவறாக ஒன்று சொன்னால், அவர் முகத்துக்கு நேரே மறுக்கலாம். கம்பனியின் அறிவு அத்தகையதன்று. ஒரு பெண் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள், எத்தனை நாள் வரவில்லை, எவ்வளவு முற்பணம் வாங்கினாள், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகின்றாள் என்பதெல்லாம் நிர்வாகத்துக்குத் தெரியும். நிர்வாகத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் சம்பளச் சபை மூலம் வந்தபோது, கட்டுப்படியாகாது என்று கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கட்டுப்படியாகும், ஆகாது என்பதை முடிவு செய்யும் கணக்குப் புத்தகங்களைக் கொழுந்து பறிப்பவள் புரட்டிப் பார்த்ததுண்டா? அவளது ஒவ்வொரு கிலோவும் வெளிச்சத்தில் இருக்கின்றது. கம்பனியின் கணக்கு வியாபார இரகசியம் என்ற போர்வைக்குள் இருக்கின்றது. ஆகவே அந்தரங்கம் மாளிகைவாசிகளின் கவலை என்பது சரியே. அவர்கள் அதனைத் தமக்கென நன்றாகவே காத்துக்கொண்டிருக்கின்றனர்.

மார்க்சு மூலதனத்தை எழுதியபோது, தொழிற்சாலைகளுக்குள் நடந்ததை அறிய அரசாங்கப் பரிசோதகர்களின் அறிக்கைகளையே பெரிதும் நாடினார். லெனாட் ஹோனர் என்ற பரிசோதகரை மனந்திறந்து பாராட்டவும் செய்தார். முதலாளியின் மூடிய கதவைத் திறக்கச் செய்த தகவல் அது. வலியவனைப் பற்றிய தகவல் வெளியாவதும் எளியவனைப் பற்றிய தகவல் வெளியாவதும் ஒன்றல்ல. அவற்றை ஒரே தராசில் நிறுப்பவர், இருவரும் சமமாக நிற்கின்றனர் என்று முன்னதாகவே முடிவு செய்துவிட்டவராவார்.

தொழிற்சங்கச் சந்தாவைப் பற்றி இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் சந்தாவைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நிர்வாகமே கழித்துச் சங்கத்துக்கு அனுப்புகின்றது. சங்கங்களுக்கு இது வசதியானது. வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை மிஞ்சுகின்றது. இந்த வசதியின் விலை என்னவென்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. யார் எந்தச் சங்கம், யார் எந்த மாதம் சங்கம் மாறினார், எந்தப் பிரிவில் எந்தச் சங்கம் வளர்கின்றது, எது தேய்கின்றது என்ற படம் முழுவதும் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்டு நிர்வாகத்தின் மேசைமீது இருக்கின்றது. ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 சனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலீஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் காலத்தில், சங்கத்தில் சேர்ந்தவர் யாரென்று துரைக்குத் தெரிவது சிறிய செய்தியன்று. இன்று அதை நாமே படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கின்றோம்.

இது வீண் அச்சம் என்பார்க்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம். 2009 பெப்ரவரியில், அந்நாட்டுத் தகவல் ஆணையாளரின் அலுவலர்கள் 'கன்சல்ட்டிங் அசோசியேசன்' என்ற பெயரில் இயங்கிய ஒரு சிறிய அலுவலகத்தைச் சோதனையிட்டனர். அங்கே 3,213 பேரைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. அவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். நாடறிந்த கட்டுமானக் கம்பனிகள் பணம் கட்டி அந்த அலுவலகத்தை நடத்திவந்தன. வேலைக்கு வருபவரின் பெயரை அங்கே அனுப்பினால், அவர் சங்கத்துக்காரரா, வேலைத்தளத்தில் பாதுகாப்புக் குறைவு என்று முறையிட்டவரா என்ற விவரம் உடனே திரும்பி வரும். ஆண்டுக்கணக்கில் வேலையின்றி அலைந்த பலர் அதற்குக் காரணம் என்னவென்றே அறியாதிருந்தனர். தம் பெயரில் ஓர் அட்டை இருந்ததென்பது அவர்களுக்குச் சோதனைக்குப் பின்னரே தெரியவந்தது. அதை நடத்தியவருக்கு நீதிமன்றம் விதித்த தண்டம் 5,000 பவுண். கம்பனிகள் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுக்க உடன்பட்டது 2016இலே. அந்த அட்டைகள் வெளியார் கைக்குப் போய்விடாதபடி கவனமாகக் காக்கப்பட்டவை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. 'தகவலைப் பாதுகாக்கின்றோம்' என்று ஒரு கம்பனி சொல்லும்போது, யாரிடமிருந்து என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும்.

பூட்டே இல்லாத நிலையும் நம்மிடையே உண்டு. சென்ற ஆண்டு கண்டிக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் வடை சுற்றித் தந்த தாளைப் பிரித்தபோது, அது ஒரு நுண்கடன் கம்பனியின் விண்ணப்பப் படிவமாக இருந்தது. பெண்ணின் பெயர், தோட்டம், கணவரின் தொழில், மாத வருமானம், ஏற்கெனவே பட்ட கடன், அடையாள அட்டை எண் யாவும் எண்ணெய்க் கறையினூடே தெளிவாகத் தெரிந்தன. நம் பழைய அடையாள அட்டை எண் வெறும் எண்ணன்று. முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இறுதியில் நிற்கும் எழுத்து, வாக்குரிமை உண்டா இல்லையா என்பதைக்கூடக் காட்டும். வடை தின்னும் நேரத்தில் ஒருவரது வாழ்க்கையைப் படித்துவிடலாம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவர் தாளை நிறைக்கு வாங்கியவர்.

இத்தகைய படிவங்களில் விண்ணப்பதாரி கையொப்பம் இடுகின்றாரே, அது சம்மதமாகாதா? சட்டம் பயின்றோர் இக்கேள்வியில்தான் ஊன்றி நிற்பர். பிள்ளையின் பள்ளிச் செலவுக்குப் பதினையாயிரம் ரூபா தேவைப்படும் ஒருத்தி, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சிட்ட நான்கு பக்கத்தில் கடைசி வரியின்கீழ் இடும் கையொப்பத்தைச் சம்மதம் என்பது, துண்டோடு போன தொழிலாளியை விரும்பி இடம்மாறினார் என்பதை ஒத்தது. வேலையும் கடனும் கொடுப்பவர் கேட்டால் மறுப்பதற்கு வழியில்லாதவரின் 'ஆம்' என்ற சொல்லுக்குள், 'இல்லை' என்பதற்கு இடமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையிலிருக்கும் ஒழுங்குவிதி இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றது. இரு தரப்புக்குமிடையே தெளிவான ஏற்றத்தாழ்வு இருக்குமிடத்துச் சம்மதத்தை மட்டும் நம்பலாகாது என்கின்றது. தொழிற்சங்க உறுப்புரிமையையும் சிறப்பான காவலுக்குரிய தகவல்களுள் ஒன்றாக அது வைத்திருக்கின்றது. இந்தியாவில், கைத்தொலைபேசி வழியே கடன் கொடுப்போர் கடனாளியின் தொலைபேசியில் உள்ள உற்றார் உறவினர் எண்களை அள்ளிக்கொள்ளலாகாதென ரிசர்வ் வங்கி 2022இல் தடுத்தது. தவணை தவறியவரை அவமானப்படுத்த அந்த எண்களே ஆயுதமாகியிருந்தன.

தமிழ் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாதென்பது தொல்காப்பியம் வகுத்த விதி. மனிதரின் உள்வாழ்வை ஊரறியப் பாடலாம். இன்னார் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. பெயர் தெரிந்த இடத்தில் அது அகமாகாது, புறமாகிவிடும். நம் முன்னோரை எல்லாத் துறையிலும் முன்னோடிகளாக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. அந்த விதி இலக்கிய விதியே தவிர வேறில்லை. என்றாலும் ஒருவரது செய்தியையும் அவரது பெயரையும் பிரித்து வைப்பது ஒரு மரியாதை என்னும் உணர்வு, இறக்குமதிச் சரக்கன்று.

நமது பாராளுமன்றமும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, அவ்வாண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேற்றியது. எந்த நோக்கத்துக்காகத் திரட்டினரோ அதற்கே தகவலைப் பயன்படுத்த வேண்டும், தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையிருப்பின் திருத்துவிக்கவும் ஒருவருக்கு உரிமையுண்டு, மீறுவோருக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்றெல்லாம் அது கூறுகின்றது. நல்ல சட்டம். அதன் முக்கியமான கடமைகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவேண்டுமென நாள் குறித்தனர். அந்த நாள் வருமுன்னரே அதைத் தள்ளிவைத்தனர். கம்பனிகள் ஆயத்தமாக வேண்டுமாம். ஆயத்தமாவதற்குத் தொழிலாளிக்கு ஒருபோதும் அவகாசம் கொடுத்ததில்லை என்பது வேறு கதை.

ஆயினும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும், அது தோட்டத்துக்குள் எந்த வழியால் நுழையும் என்பதுதான் என் ஐயம். கடிதமே நுழைவதில்லையே. லயக் காம்பிராக்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்குச் சென்று, அங்கிருந்து யாரேனும் அப்பக்கம் போகையில் கைக்கு வரும். சில வேளை வராது. என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதம், பதிவு செய்ய வேண்டிய நாள் கழிந்தபின் கிடைத்தது. அலுவலகத்தில் எவரும் அதை வேண்டுமென்று மறைத்ததாக நான் கருதவில்லை. மேசையின் ஒரு மூலையில் அது கிடந்திருக்கின்றது, அவ்வளவே. வங்கியின் கடிதமும், நீதிமன்ற அழைப்பாணையும், வைத்தியசாலை அறிக்கையும், வெளிநாட்டிலுள்ள மகளின் மடலும் வேலைகொடுப்பவரின் மேசை வழியே வரும் ஒரு சமூகத்திடம், உங்கள் தகவல் சட்டத்தால் காக்கப்படுகின்றது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இவ்விடயத்தைச் சட்டத்தரணிகளிடமும் கணனி வல்லுநரிடமும் விட்டுவிட்டு நாம் சம்பளத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாதென்று கருதுகின்றேன். ஒவ்வொரு லயத்துக்கும் முகவரி, ஒவ்வொரு வாசலுக்கும் தபாற்காரர் என்ற கோரிக்கை இதனோடு சேர்ந்தது. செக்ரோலிலுள்ள தம் பதிவின் பிரதியை ஆண்டுக்கொருமுறை கேட்டுப் பெறும் உரிமையும் சேர்ந்தது. சந்தாவைச் சங்கங்கள் தாமே திரட்ட முடியுமா என்று ஆராய்வது சங்கத் தலைவர்களுக்குக் கசக்கும். ஆயினும் அதுவும் சேர்ந்தது. சில தோட்டங்களில் மின்னணுத் தராசுகள் வந்துவிட்டன. முன்பு கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்து எழுதுகையில், கூடையின் ஈரத்துக்கென்று இரண்டு கிலோவை வெட்டினால், அந்த இடத்திலேயே நின்று சண்டை போடலாம். பக்கத்தில் நிற்பவளும் சாட்சி சொல்வாள். இன்று நிறை நேரே கணனிக்குச் செல்கின்றது. மாத முடிவில் அதிலிருந்து வரும் தொகையை எந்தக் கங்காணியிடம் கேட்பது என்று, சென்ற கிழமை பெற்றார் கூட்டத்துக்கு வந்திருந்த தாய் ஒருத்தி என்னிடம் கேட்டார். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த அவர் மகள், நிறுக்கும்போதே ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லி, கோடு போட்டு ஒரு கொப்பி தயாரித்துக் கொடுத்திருக்கின்றாளாம்.